மேக்னீட்டோவின் முன்கதை: சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்மொழி விழாவையொட்டி, ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் எங்கள் வட்டார நூலகத்தில் வாசகர் வட்டம் கூடியபோது, தொடக்கக் கல்லூரி மாணவர் ஒருவர் காமிக்ஸ் வில்லன்களைப் பற்றிப் பேச எழுந்தார். அவர் எடுத்துக்கொண்டது, மார்வெல் பதிப்பகத்தின் எக்ஸ்-மென் காமிக்ஸில் வரும் வில்லன் மேக்னீட்டோவை. அவர் எழுதி வைத்திருந்த கட்டுரையின் முதல் வாக்கியம் இது: “தன் கண்ணெதிரே தாய் சுட்டுக் கொல்லப்பட்டதைப் பார்த்து, ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிர் தப்பிய எரிக் லென்ஷர் என்னும் யூதச் சிறுவனை, 1963ஆம் ஆண்டு ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் மேக்னீட்டோவாகப் படைத்தார்கள்.” தமிழ் நன்றாகத்தான் இருந்தது. ஆண்டு சரி, படைத்தவர்களின் பெயர்களும் சரி. மற்றவையெல்லாம் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆள்கள் கொண்டுவந்து சேர்த்தவை. அவற்றுள் ஒன்று காமிக்ஸில் இல்லவே இல்லை. மாணவரைக் குறை சொல்வதற்கில்லை. மேக்னீட்டோவின் இளமைக் காலத்தை எழுதி முடிக்க, முதல் இதழ் வந்ததிலிருந்து ஏறத்தாழ 45 ஆண்டுகள் பிடித்தன. கதைக்குள் ஒரு நிகழ்ச்சி எந்த ஆண்டில் நடக்கிறது என்பதும், அந்த நிகழ்ச்சி எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்பதும் வேறு வேறு கணக்குகள். இந்தப் பாத்திரத்தைப் பற்றி எழுதுவோர் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இவ்விரண்டையும் ஒன்றாக்குவதால் வருபவை.

முதலில் 1963ஐ எடுத்துக்கொள்வோம். மியூட்டன்ட்கள், அதாவது பிறவியிலேயே விந்தை ஆற்றல் கொண்டவர்கள், நாயகர்களாக வரும் எக்ஸ்-மென் தொடரின் முதல் இதழ் அந்த ஆண்டு செப்டம்பர் தேதியிட்டு வெளிவந்தது. அதில் வரும் மேக்னீட்டோவுக்கு இயற்பெயர் இல்லை, ஊர் இல்லை, குடும்பம் இல்லை. தலைக்கவசமும் காந்த ஆற்றலும் உலகை ஆளும் வெறியும் மட்டுமே உண்டு. கேப் சிட்டடல் என்னும் அமெரிக்க ஏவுகணைத் தளத்தின்மேல் காற்றிலுள்ள தூசியைத் திரட்டி எழுத்துகளாக்கி, தளத்தை ஒப்படைக்காவிட்டால் பறித்துக்கொள்வேன் என்று எச்சரிக்கிறான். கீழே கையொப்பம் வேறு இடுகிறான். நம் பழைய திரைப்படங்களில் சுழல் நாற்காலியில் அமர்ந்தபடி உரக்கச் சிரிக்கும் கொள்ளைக்கூட்டத் தலைவனுக்கு இருக்கும் அளவு முன்கதைகூட அவனுக்கு இல்லை. லீ, கிர்பி இருவருமே நியூயார்க்கில் யூதக் குடும்பங்களில் பிறந்தவர்கள் என்பதாலும், கிர்பி இரண்டாம் உலகப் போரில் பிரான்சில் போரிட்டவர் என்பதாலும், தொடக்கத்திலேயே அவர்கள் மனத்தில் ஆஷ்விட்ஸ் இருந்திருக்க வேண்டும் என்று பலர் ஊகிக்கிறார்கள். அச்சான பக்கங்களில் அந்த ஊகத்துக்கு இடமில்லை. படைத்தவரின் வாழ்க்கையிலிருந்து பாத்திரத்தின் வாழ்க்கையை வரவழைப்பது வசதியான வழிதான் என்றாலும், ஆதாரம் கேட்டால் கையை விரிக்க வேண்டிவரும்.

ஆஷ்விட்ஸ் கதைக்குள் நுழைவது 1981இல், அதாவது 18 ஆண்டுகள் கழித்து. 1975 முதல் தொடரை எழுதிவந்த கிறிஸ் கிளேர்மான்ட், அக்டோபர் 1981 தேதியிட்ட 150ஆம் இதழில் அதைக் கொண்டுவந்தார். அந்தக் காட்சியை யாரேனும் சுருக்கிச் சொல்லிக் கேட்பதைவிட நேரில் படிப்பதே நல்லது. சண்டையின் நடுவே எக்ஸ்-மென் குழுவைச் சேர்ந்த கிட்டி பிரைட் என்னும் 13 வயதுச் சிறுமியை மேக்னீட்டோ தாக்கிவிடுகிறான். அவள் இறந்துவிட்டாள் என்று எண்ணி, அசையாமல் கிடக்கும் உடலைத் தூக்கிக் கையில் ஏந்தும்போது, தன் குடும்பத்தைக் காவலர்கள் கேலி பேசிச் சிரித்தபடியே நச்சுவாயு அறைக்கு ஓட்டிச் சென்றது அவன் நினைவுக்கு வருகிறது. தன்னால் வீழ்ந்தவள் ஒரு சிறுமி என்பதைக் கண்டு, சண்டையை விட்டு விலகிப் போகிறான். அவன் யூதன் என்று அங்கே வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த மௌனத்தால் பின்னர் ஒரு குழப்பமே விளைந்தது. பெயரைப் பற்றிப் பேசும்போது அதற்கு வருகிறேன்.

இத்தனை ஆண்டுகள் ஏன் ஆயின என்று ஓர் இளைஞர் கேட்டார். யூதப் படுகொலையை நேரில் அனுபவித்தவர்களின் வாய்மொழி, 1961இல் நாஜி அதிகாரி ஐக்மன் மீது நடந்த விசாரணைக்குப் பிறகே பரவலாகக் கேட்கத் தொடங்கியது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் அது தொடராக வீடுகளுக்குள் வந்தது 1978இல்தான். நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள், பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் தம் தந்தையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். ஜப்பானியர் ஆட்சியில் மலாயாவிலிருந்து சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டு உயிரோடு திரும்பியவர் அவர். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதைப் பற்றி வீட்டில் ஒரு சொல்லும் பேசியதில்லையாம். “பட்டவன் வாயத் தொறக்க நாளாகும் தம்பி” என்றார் பெரியவர். என் விளக்கத்தைவிட அது இளைஞரை விரைவில் சென்றடைந்தது.

அடுத்து, நூலக அடுக்குகளிலும் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸின் பழைய புத்தகக் கடைகளிலும் காத்திருக்கும் ஒரு பொறியைச் சொல்ல வேண்டும். 1986 முதல் மார்வெல் ‘கிளாசிக் எக்ஸ்-மென்’ என்ற பெயரில் பழைய இதழ்களை மறுபதிப்பாக வெளியிட்டது. ஆனால் அவற்றில் புதிதாக எழுதிய பக்கங்களும் புதிய சிறுகதைகளும் சேர்க்கப்பட்டன. 1977இல் வந்த 104ஆம் இதழை மறுபதிப்புச் செய்த 12ஆம் எண்ணில், மேக்னீட்டோவும் அவன் மனைவி மக்தாவும் முகாமிலிருந்து தப்பியதும், வின்னிட்சா நகரில் அவர்களுடைய மகள் அன்யா தீயில் மாண்டதும், ஆத்திரத்தில் அவன் கூட்டத்தினரைக் கொன்றதைக் கண்டு அஞ்சிய மக்தா அவனை விட்டு ஓடியதும் சொல்லப்படுகின்றன. அந்தச் சிறுகதை எழுதப்பட்டது 1987இல். பழைய கதையும் புதிய கதையும் ஒரே அட்டைக்குள் இருப்பதால், மகளின் மரணம் 1977லேயே எழுதப்பட்டுவிட்டதாக எண்ணி ஏமாறுவது எளிது. முதல் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் பதிப்புரிமை ஆண்டைப் பார்க்காமல் எந்தத் தேதியையும் எழுதக்கூடாது என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்.

இனிப் பெயர். கிளேர்மான்டின் கதைகளில் அவன் வெறும் மேக்னஸ்தான். எரிக் லென்ஷர் என்ற பெயர் 1990களில் வந்தது. அதனுடன், அவன் யூதன் அல்லன், நாஜிகள் அதே போல வேட்டையாடிய ரோமா மக்களின் சிந்தி பிரிவைச் சேர்ந்தவன் என்றொரு செய்தியும் வந்தது. பிறகு வேறோர் எழுத்தாளர், அந்தப் பெயரே போலி ஆவணத்துக்காகப் புனைந்த பெயர் என்று எழுதித் திருத்தினார். முன்னர் அச்சானதைப் பின்னர் வரும் கதை இவ்வாறு மாற்றி எழுதுவதைக் காமிக்ஸ் வாசகர்கள் ரெட்கான் என்பார்கள். இறுதியாக, 2008இல் தொடங்கி ஐந்து இதழ்களாக வந்த ‘எக்ஸ்-மென்: மேக்னீட்டோ டெஸ்டமென்ட்’ கதையில், கிரெக் பாக் எழுதி கார்மினே டி ஜியாண்டொமெனிகோ வரைந்தபடி, அவன் மேக்ஸ் ஐசன்ஹார்ட் என்னும் ஜெர்மானிய யூதச் சிறுவனாக உறுதிப்பட்டான். ஆகவே, காமிக்ஸைப் பற்றி எழுதும்போது “இயற்பெயர் எரிக் லென்ஷர்” என்று எழுதுவது தவறு. திரைப்படத்தைப் பற்றி எழுதினால் அது சரி.

டெஸ்டமென்ட் கதையைத் தமிழில் சொல்பவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. என் பார்வையில் மற்ற எல்லாத் தவறுகளையும்விட இதுவே பெரிது. ஆஷ்விட்ஸில் மேக்ஸ் ‘சோண்டர்கமாண்டோ’வில் சேர்க்கப்படுகிறான். அச்சொல்லைப் பிரித்துப் பொருள் கொண்டால் “சிறப்புப் பிரிவு” என்று வரும். மொழிபெயர்ப்புச் செயலி அதற்கும் மேலே போய் “சிறப்பு அதிரடிப் படை” ஆக்கிவிடுகிறது. மாணவரின் கட்டுரையிலும் மேக்ஸ் “சிறப்புப் படையில் பணியாற்றினான்” என்றிருந்தது. தேசிய சேவைக்குப் போய்வந்த பிள்ளைகள் நிறைந்த இந்த ஊரில் அந்த வாக்கியத்தைப் படிப்பவர், பையன் சீருடை அணிந்து நாஜிகளோடு சேர்ந்துகொண்டான் என்றுதானே நினைப்பார்? உண்மையில் சோண்டர்கமாண்டோ என்பவர்கள் கைதிகள், பெரும்பாலும் யூதர்கள். நச்சுவாயு அறைகளிலிருந்து சடலங்களை வெளியே இழுப்பதும், தங்கப் பற்களைப் பிடுங்குவதும், உடல்களை எரிப்பதும் அவர்கள்மேல் திணிக்கப்பட்ட வேலைகள், மறுத்தால் மரணம், செய்தாலும், சாட்சி மிஞ்சக்கூடாது என்பதற்காகச் சில மாதங்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். 1944 அக்டோபர் 7ஆம் தேதி ஆஷ்விட்ஸின் ஒரு பகுதியான பிர்கெனாவில் அவர்கள் கிளர்ந்தெழுந்து எரியூட்டும் கூடம் ஒன்றை அழித்தது வரலாறு. டெஸ்டமென்ட் கதையும் அதைத் தொட்டுச் செல்கிறது. “பிணங்களை அகற்றும் வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்ட கைதிகள்” என்று விரித்தே எழுதுங்கள். ஒற்றைச் சொல் தேடிப் பாதிக்கப்பட்டவனைக் குற்றவாளி ஆக்கிவிட வேண்டாம்.

மாணவரின் வாக்கியத்தில் தாய் சுடப்படும் காட்சிக்கு வருவோம். அது 2011இல் வந்த ‘எக்ஸ்-மென்: ஃபர்ஸ்ட் கிளாஸ்’ திரைப்படத்தில் உள்ளது. மேசைமேலுள்ள நாணயத்தை மூன்று எண்ணுவதற்குள் நகர்த்தாவிட்டால் தாயைச் சுடுவேன் என்று மிரட்டி, சுட்டும் விடுபவன் செபாஸ்டியன் ஷா. காமிக்ஸில் ஷா 1980இல் அறிமுகமாகும் அமெரிக்கச் செல்வந்தன். ஆஷ்விட்ஸுக்கும் அவனுக்கும் தொடர்பே கிடையாது. டெஸ்டமென்டில் குடும்பமே சேர்ந்து சுடப்படுகிறது, மேக்ஸ் மட்டும் பிணக்குழியிலிருந்து எழுகிறான். அவன் ஆஷ்விட்ஸுக்குப் போவது அதற்குப் பிறகுதான். அதே திரைப்படத்தில், மேக்னீட்டோ திசைதிருப்பிவிட்ட தோட்டா, எக்ஸ்-மென் குழுவை உருவாக்கிய சார்ல்ஸ் சேவியரின் முதுகில் பாய்ந்து அவர் நடக்க முடியாமல் போகிறார். காமிக்ஸில் அந்தப் பழி லூசிஃபர் என்ற வேறொரு வில்லனுக்கு உரியது. இருவரும் சந்திப்பதும் திரைப்படத்தில் காட்டியபடி 1962இல் அன்று; இஸ்ரேலின் ஹைஃபா நகரில், முகாம்களிலிருந்து மீண்டவர்களுக்கான மருத்துவமனையில் சேவியரும் மேக்னஸும் நண்பர்களாவதை 1982இல் வந்த 161ஆம் இதழ் சொல்கிறது. திரைப்படம் மாற்றியது குற்றமன்று. திரையில் கண்டதைக் காமிக்ஸின் கணக்கில் எழுதுவதுதான் குற்றம்.

அமெரிக்கக் கறுப்பினத் தலைவர்களுள், சேவியரை அறவழியாளர் மார்ட்டின் லூதர் கிங் என்றும் மேக்னீட்டோவைத் தீவிரப் போக்குடைய மால்கம் எக்ஸ் என்றும் சொல்வது மேடைகளில் கைத்தட்டு வாங்கும் ஒப்பீடு. வாசகர் அப்படிப் படிக்கலாம், தடையில்லை. ஆனால் 1963லேயே அந்த நோக்கத்தோடுதான் படைத்தார்கள் என்று அடித்துச் சொல்லக்கூடாது. தென்னமெரிக்காவில் சான்டோ மார்கோ என்ற கற்பனை நாட்டைப் படையோடு பிடித்து ஆளும் நான்காம் இதழின் மேக்னீட்டோவிடம் எந்த விடுதலை இயக்கத்தின் சாயலையும் நான் காணவில்லை; அவனை மால்கம் எக்ஸோடு ஒப்பிடுவது மால்கமுக்கே இழுக்கு. 2000ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் இறுதியில், எந்த வழியிலாயினும் போராடுவேன் என்ற பொருளில், மால்கம் எக்ஸின் புகழ்பெற்ற சொற்றொடரை மேக்னீட்டோ பேசியது ஒப்பீட்டுக்கு உரமிட்டது. கிளேர்மான்டோ, தாம் எண்ணிப் பார்த்தது ஆயுதப் போராட்டத்திலிருந்து பிரதமர் பதவிக்கு வந்த இஸ்ரேலின் மெனாகெம் பெகினை என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

வாண்டா, பியெத்ரோ என்னும் உடன்பிறப்புகளின் விவகாரத்தை நீட்ட வேண்டியதில்லை. அவர்கள் அறிமுகமான 1964இல் மேக்னீட்டோவின் அடியாள்கள் மட்டுமே. 1980களின் தொடக்கத்தில் அவனுடைய பிள்ளைகள் ஆனார்கள். 2014இல் பிள்ளைகள் அல்லர் என்றாகிவிட்டது. எந்த ஆண்டின் கதையைப் பேசுகிறீர்கள் என்று சொல்லிவிட்டால் மூன்றுமே சரி.

கடைசியாக வயது. 1935இல் ஜெர்மனியில் பள்ளிச் சிறுவனாக இருந்தவன் இன்றைய கதைகளில் எப்படி மலையைப் பெயர்க்கிறான் என்று கேட்பவர்கள், மியூட்டன்ட்களுக்கு மூப்பு இல்லை என்று தாங்களாகவே விடையும் சொல்லிக்கொள்கிறார்கள். கதையில் இருக்கும் விடை அதைவிட விநோதமானது. 1974இல் மார்வெலின் மற்றொரு தொடரான ‘டிஃபென்டர்ஸ்’ 16ஆம் இதழில், தானே உருவாக்கிய ஆல்ஃபா என்னும் மியூட்டன்டால் மேக்னீட்டோ கைக்குழந்தையாக்கப்படுகிறான். 1977இல் எக்ஸ்-மென் 104ஆம் இதழில் மீண்டும் வளர்ந்த ஆளாகும்போது முதுமை இல்லை, கட்டிளம் பருவம் வாய்க்கிறது. கேலிக்கூத்து என்று பலர் தாண்டிச் செல்லும் இந்த நிகழ்ச்சியைக் கிளேர்மான்ட் வீணடிக்கவில்லை. 1985இல் வந்த 200ஆம் இதழில் பாரிஸ் நகரில் மேக்னீட்டோ அனைத்துலக நீதிமன்றத்தின்முன் நிறுத்தப்படும்போது, குழந்தையானதே ஒருவகை மரணம் என்று கருதி, அதற்கு முந்திய குற்றச்சாட்டுகளை நீதிமன்றம் தள்ளிவிடுகிறது. ஏவுகணைத் தளமும் சான்டோ மார்கோவும், லீயும் கிர்பியும் எழுதிய மேக்னீட்டோ முழுவதும், வழக்கிலிருந்து நீங்கிவிடுகிறார்கள். எஞ்சுவது 150ஆம் இதழில், கிட்டியை அவன் கையில் ஏந்துவதற்குச் சில பக்கங்கள் முன்பாக, மாலுமிகளோடு மூழ்கடித்த லெனின்கிராட் என்னும் சோவியத் நீர்மூழ்கிக் கப்பல். அதற்கு அவன் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் ஹைஃபாவில் அவன் எதிர்த்த நாஜித் தளபதி ஸ்ட்ரக்கரின் பிள்ளைகள் இருவர் நீதிமன்றத்தைத் தாக்க, விசாரணை பாதியில் நின்றுபோகிறது. தீர்ப்பு வழங்கப்படவே இல்லை.