பூனையின் சிறுநீரக நோய்: இரத்தப் பரிசோதனை அறிக்கையை இனமறிந்து படிக்கும் முறை

பூனை வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிப்பதும், மணல் தட்டில் ஈரக்கட்டிகள் பெரிதாவதும் நம் கண்ணில் படும் நேரத்தில், அதன் சிறுநீரகங்கள் தம் செயல்திறனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை இழந்திருக்கக்கூடும். ஆகவே நோய்க்குறிகளுக்காகக் காத்திராமல், பூனை இளமையாகவும் நலமாகவும் இருக்கும்போதே ஒருமுறை இரத்தமும் சிறுநீரும் சோதித்து அந்த அறிக்கையைப் பத்திரப்படுத்த வேண்டும். 7 வயதுக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதிப்பது நல்லது.

இரத்தம் எடுப்பதற்கு முன் 8 முதல் 12 மணி நேரம் உணவை நிறுத்தலாம். தண்ணீரை ஒருபோதும் நிறுத்தக் கூடாது. நீரிழப்பினால் சிறுநீரக அளவுகள் பொய்யாக உயர்ந்து காட்டும். குட்டிகளுக்கும் நீரிழிவுள்ள பூனைகளுக்கும் இந்தப் பட்டினி பொருந்தாது என்பதால், முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது கிரியாட்டினின். தசையிலிருந்து உண்டாகும் இக்கழிவைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றுகிறது. பல ஆய்வகங்கள் டெசிலிட்டருக்கு 2.4 மில்லிகிராம் வரை இயல்பு என்றே அச்சிடுகின்றன. ஆனால் சிறுநீரக நோயை நிலைகளாக வகுக்கும் பன்னாட்டு அமைப்பான ஐரிஸ் 1.6 முதல் 2.8 வரையிலான அளவை இரண்டாம் நிலையிலும், 2.9 முதல் 5.0 வரை மூன்றாம் நிலையிலும், அதற்கு மேற்பட்டதை நான்காம் நிலையிலும் வைக்கிறது. எனவே நட்சத்திரக் குறியோ தடித்த எழுத்தோ இல்லாத 2.2 என்ற எண்ணும் நோயைக் குறிக்கலாம். அதைவிட முக்கியமானது ஏற்றம்: சென்ற ஆண்டு 0.8 ஆக இருந்தது இன்று 1.6 ஆகியிருந்தால், தசையளவும் நீர்ச்சத்தும் மாறாத நிலையில், வடிகட்டும் திறன் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது என்று பொருள். அறிக்கை மைக்ரோமோல் கணக்கில் இருந்தால் 88.4 ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது எஸ்டிஎம்ஏ. இதுவும் சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவே. 2015 முதல் கால்நடை ஆய்வகங்களில் புழக்கத்துக்கு வந்த இது தசையளவைச் சார்ந்ததல்ல. கிரியாட்டினின் இயல்பு எல்லையைத் தாண்டப் பெரும்பாலும் 75 விழுக்காடு திறன் போயிருக்க வேண்டும். எஸ்டிஎம்ஏ சராசரியாக 40 விழுக்காட்டு இழப்பிலேயே உயர்ந்துவிடுகிறது. டெசிலிட்டருக்கு 14 மைக்ரோகிராமுக்கு மேல் தொடர்ந்து இருந்தால் ஐயப்பட வேண்டும். யூரியா இவ்வளவு நம்பகமானதன்று. இறைச்சி உணவும் குடலில் இரத்தக்கசிவும் அதை உயர்த்தும். தவிர, சில ஆய்வகங்கள் யூரியாவையும் சில பியூஎன்னையும் (யூரியாவில் உள்ள நைட்ரஜனின் அளவு) தருகின்றன, பியூஎன்னை 2.14 ஆல் பெருக்கினால்தான் யூரியா கிடைக்கும் என்பதை மறந்து இரண்டு அறிக்கைகளை ஒப்பிட்டால் வீண் பீதிதான் மிஞ்சும்.

இனி இனம். பிர்மன் பூனைகளில் நலமாக இருக்கும்போதே கிரியாட்டினினும் எஸ்டிஎம்ஏயும் மற்ற இனங்களைவிடச் சற்று உயர்ந்திருப்பது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. ஆகவே இளம் பிர்மன் ஒன்றின் கிரியாட்டினின் 1.9 என்று வந்தாலும், சிறுநீரின் செறிவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.035க்கு மேல் இருந்து, சிறுநீரில் புரதமும் கசியாவிட்டால், நோயென்று அவசரப்பட்டு உணவை மாற்றத் தேவையில்லை. சில வாரங்கள் கழித்து மறுபடி சோதித்தால் போதும். இதற்கு நேரெதிராக, வயதாகித் தசை வற்றிய பூனையில் கிரியாட்டினின் பொய்யாகத் தாழ்ந்திருக்கும். தைராய்டு மிகைப்பும் நோயை மறைக்கும் என்பதால், முதிய பூனைக்கு டி4 என்ற தைராய்டு ஹார்மோன் அளவையும் சேர்த்துக் கேட்பது அவசியம்.

பெர்சியன் பூனையின் சங்கதி வேறு. பிகேடி1 மரபணுவின் மாற்றத்தால் பிறவியிலேயே சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் தோன்றி, ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்கின்றன. அக்காலமெல்லாம் இரத்த அளவுகள் குறையின்றியே இருக்கும். இந்த மரபணு மாற்றம் பெற்றோரில் ஒன்றிடமிருந்து வந்தாலே போதும், நோய் வரும். ஆகவே பெர்சியன், எக்ஸாட்டிக் ஷார்ட்ஹேர், இமாலயன் ஆகியவற்றுக்கும் பெர்சியன் கலப்புக்கும் இரத்தத்தை மட்டும் நம்புவது தவறு. குட்டி வாங்குமுன் தாய் தந்தையின் மரபணுச் சோதனை முடிவைக் கேளுங்கள். விற்பவர் சான்றில்லாமல் உறுதிமொழி மட்டும் தந்தால், 10 மாத வயதுக்குப் பிறகு அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்த்துவிடுங்கள். அபிசீனியன் இனத்தில் அமிலாய்டு என்ற இயல்பற்ற புரதம் படியும் பரம்பரை நோய் உண்டு. அது சிறுநீரகத்தின் உட்பகுதியிலேயே அதிகம் படிவதால் சிறுநீரில் புரதம் தெரியாமலும் போகலாம்.

ஒற்றை அறிக்கையை வைத்து நிலையைத் தீர்மானிக்கக் கூடாது. நீர்ச்சத்து சரியாக இருக்கும்போது இரண்டாம் முறை சோதித்து, அதனுடன் சிறுநீர்ப் புரத–கிரியாட்டினின் விகிதம் 0.4ஐத் தாண்டுகிறதா, இரத்த அழுத்தம் 160ஐ எட்டுகிறதா, பாஸ்பரஸ் ஏறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆனால் நேற்றுவரை நலமாக இருந்த பூனை வாந்தியெடுத்துச் சோர்ந்து, அளவுகளும் திடீரென ஏறியிருந்தால் மறுசோதனைக்காக வாரக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. அது லில்லிப் பூவைக் கடித்ததாலோ சிறுநீர்ப்பாதை அடைபட்டதாலோ வந்த திடீர்ப் பழுதாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.