செம்பாறைப் பள்ளத்தாக்குகளில் குளிர்கால நடை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலைவனத்துக்குப் போகிறோம் என்றதும் தொப்பி, சன்ஸ்கிரீன், நிறையத் தண்ணீர் என்றுதான் மூட்டை கட்டுகிறோம். ஆனால் டிசம்பர், ஜனவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸயான், பிரைஸ் கேன்யன், ஆர்ச்சஸ் பூங்காக்களில் நடப்பவர்களை அதிகம் சோதிப்பது வெயில் அல்ல, நிழல். கூட்டம் குறைந்து, சிவந்த பாறைகளின் மேல் வெண்பனி படிந்திருக்கும் அந்த மாதங்களில்தான் அந்த நிலம் மிக அழகாக இருக்கிறது என்பேன். நிழலைக் கணக்கில் எடுத்துத் திட்டமிட்டால் போதும், அங்கே நிம்மதியாக நடக்கலாம்.

முதல் தவறு, போன் காட்டும் வெப்பநிலையை நம்புவது. ஸயான் பள்ளத்தாக்கின் தரை சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர் பகலில் அங்கே 10 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். ‘இதில் எங்கே பனிக்கட்டி இருக்கப்போகிறது’ என்று தோன்றும். இருக்கிறது. மேலே வெயில் பட்ட பனி பகலில் உருகிக் கீழே கசியும், இரவில் உறையும். சூரியன் எட்டாத சுவரடிகளில் அது வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். நடப்பவர்களின் கால்கள் அதை அழுத்தி அழுத்திக் கண்ணாடித் தளம் போல ஆக்கிவிடும். ஸயானில் ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற பாறை முகட்டுக்குப் போகும் வழியில் ஒரு குறுகலான பகுதிக்கு ‘ரெஃப்ரிஜரேட்டர் கேன்யன்’ என்றே பெயர். காய்ந்த பாதையில் உற்சாகமாக ஏறி வருகிறவர்கள், ரன்னிங் ஷூவோடு அங்கேதான் வழுக்கத் தொடங்குகிறார்கள்.

இதற்கு மைக்ரோஸ்பைக் வேண்டும். ஷூவின் மேல் இழுத்து மாட்டுகிற ரப்பர் பட்டையில், அடியில் சங்கிலியும் சின்ன இரும்பு முட்களும் இருக்கும். பையில் அதிக இடம் பிடிக்காது. ஆனால் வெறும் பாறை வந்ததும் கழற்றிவிட வேண்டும். மணற்பாறையில் முட்கள் கோடு போடும், காலுக்கும் பிடிப்பு இருக்காது. ஏஞ்சல்ஸ் லேண்டிங்கில் பாறையில் பதித்த சங்கிலியைப் பிடித்து ஏறும் கடைசிப் பகுதிக்கு 2022 ஏப்ரலிலிருந்து ஆண்டு முழுவதும் அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டு கையில் இருக்கிறது என்பதற்காகவே பனி உறைந்த முகட்டில் ஏறிவிடாதீர்கள். அதற்கு முன்னால் வரும் ஸ்கவுட் லுக்கவுட் வரை போகச் சீட்டு தேவையில்லை, காட்சியும் அற்புதம்.

தொங்கும் பனிக்கட்டிகளையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஸயானின் எமரால்டு பூல்ஸ் பாதையில் நீர் கசியும் பாறை விளிம்புகளில் பெரிய பெரிய பனி ஈட்டிகள் தொங்கும். வெயில் ஏறும்போது அவை உடைந்து விழும். அதனால் பாதையைச் சில நாள் மூடுவதும் உண்டு. படம் எடுக்க அவற்றின் அடியில் போய் நிற்கவே கூடாது.

அடுத்து, ஸயானுக்கு எடுத்த உடைகளோடு பிரைஸுக்குப் போவது. காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம், ஆனால் பிரைஸின் விளிம்பு 2,400 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. இரவில் உறைநிலைக்கு வெகு கீழே போகும். அங்குள்ள கல் தூண்களைச் செதுக்குவதே இந்தக் குளிர்தான்: விரிசலில் புகுந்த நீர் இரவில் உறைந்து விரிந்து பாறையை உடைக்கிறது. அங்குள்ள நவஹோ லூப் நடைபாதையில் வால் ஸ்ட்ரீட் பகுதியைக் குளிர்காலத்தில் மூடிவிடுவதும் பனிக்கட்டியும் கல் விழுவதும் காரணமாகத்தான். ஜீன்ஸ், பருத்தி பனியன் வேண்டாம். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி அல்லது செயற்கை இழை உடைகளை அடுக்கடுக்காக அணியுங்கள்.

நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டிசம்பரில் பகல் ஒன்பதரை மணி நேரம்தான். லாஸ் வேகாஸில் இறங்கிக் காரில் வருகிறவர்கள் யூட்டாவுக்குள் நுழையும்போது கடிகாரத்தில் ஒரு மணி நேரத்தை இழக்கிறார்கள். ஐந்தேகால் வாக்கில் சூரிய அஸ்தமனம் என்று போன் சொல்லும், ஆழமான பள்ளத்தாக்கில் சுவருக்குப் பின்னால் சூரியன் அதற்கு வெகு முன்பே மறைந்துவிடும். ஆர்ச்சஸ் பூங்காவின் டெலிகேட் ஆர்ச் என்ற கல் வளைவு அஸ்தமனத்துக்குப் பேர்போனது. போய்வர 4.8 கிலோமீட்டர்தான். ஆனால் கடைசியில் பாறைச் சுவரை ஒட்டிய விளிம்புப் பாதையில் பனிக்கட்டி இருக்கும், திரும்பி இறங்குவதோ இருட்டில். ஹெட்லேம்ப் இல்லாமல் போகாதீர்கள். குளிரில் போன் பேட்டரி சட்டென்று இறங்கும், அதை விளக்காக நம்ப முடியாது.

ஸயானில் ஆற்றுக்குள்ளேயே நடக்கிற நேரோஸ் பாதையை, ‘முழங்கால் தண்ணீர்தானே’ என்று சாதாரண உடையில் தொடங்குபவர்கள் இருக்கிறார்கள். குளிர்காலத்தில் வர்ஜின் ஆற்று நீர் 5 டிகிரியை ஒட்டி இருக்கும். கால் மரத்துப்போனால் வழுக்குக் கற்களில் நிற்கவே முடியாது. பக்கத்து ஸ்பிரிங்டேல் ஊரில் நீர் புகாத டிரை சூட் உடை வாடகைக்குக் கிடைக்கிறது. அது இல்லையென்றால் கரையோர ரிவர்சைட் வாக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தாகம் எடுக்கவில்லை என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள், வறண்ட காற்று தெரியாமலே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மேப் காட்டும் குறுக்கு மண்சாலைகளையும் மழை, பனிக்குப் பிறகு தொடாதீர்கள். காட்டன்வுட் கேன்யன் ரோடு போன்றவற்றின் களிமண் நனைந்தால் ஃபோர் வீல் டிரைவ் வண்டியும் சிக்கிக்கொள்ளும்.

கடைசியாக, நம்மால் அந்த நிலத்துக்கு நேரும் தவறு ஒன்று. பாதையில் சேறோ பனிக்கட்டியோ இருந்தால் ஓரமாக மண்ணில் இறங்கி நடக்கத் தோன்றும். ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் பகுதியில் கறுத்து, முடிச்சு முடிச்சாகத் தெரியும் அந்த மண்ணுக்கு உயிர் இருக்கிறது. நீலப்பச்சை நுண்ணுயிர்களும் பாசியும் லைக்கனும் சேர்ந்து மணலைப் பிடித்துவைத்திருக்கும் படலம் அது. ஒரு காலடி பட்டு உடைந்தால் மீண்டு வரப் பல பத்தாண்டுகள் ஆகும். ஷூ அழுக்கானாலும் பரவாயில்லை, சேற்றின் நடுவிலேயே நடந்து போங்கள்.