வெயிலில் மக்கர் செய்யும் பிக்கப்: இன்ஜின் மாற்றிய வண்டியில் கோளாறு தேடுவது எப்படி

அமெரிக்காவின் அரிசோனா, டெக்சஸ் பக்கம் பழைய பிக்கப் டிரக்குகளில் ஆறு சிலிண்டர் இன்ஜினை இறக்கிவிட்டு, கார்புரேட்டர் வைத்த செவர்லே 350 (350 கன அங்குல) வி8 இன்ஜினை ஏற்றுவது சகஜம். காலையில் ஜம்மென்று ஓடும் வண்டி, 40 டிகிரி வெயிலில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு வந்தால் கிளம்பாது. இன்ஜினைப் பிரிக்க அவசரப்படாதீர்கள். பழைய வண்டியும் புதிதாக வந்த இன்ஜினும் ஒட்டும் இடங்களை முதலில் பாருங்கள்: பெட்ரோல் குழாய், வயர், எர்த், ஃபேன்.

மல்டிமீட்டர், இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர், ஸ்பார்க் டெஸ்டர், தீயணைப்பான் ஆகியவை வண்டியிலேயே இருக்கட்டும். கோளாறு வந்த அந்த நிமிடமே சோதிக்க வேண்டும்; ஆறிவிட்டால் எல்லாம் சரியாகத்தான் காட்டும்.

படி 1: எந்த வகைக் கோளாறு?

செல்ஃப் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லையா? படி 2, 3. ‘டக்’ என்ற சத்தத்தோடு சரியா? படி 4. ஓடும்போதே சூடு முள் ஏறுகிறதா? படி 5.

படி 2: பெட்ரோல்

சாவியை அணைத்து ஏர் கிளீனரைக் கழற்றுங்கள். முகத்தை நேர் மேலே நீட்டாமல் பக்கவாட்டில் நின்று, த்ராட்டிலை (ஆக்சிலரேட்டர் இழுக்கும் கார்புரேட்டர் நெம்புகோலை) கையால் ஒருமுறை முழுக்கத் திறவுங்கள். உள்ளே மெல்லிய பெட்ரோல் கோடுகள் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சினால் கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது. ஒன்றும் வராவிட்டால், கொதித்து ஆவியாகிவிட்டது, அல்லது வந்து சேரவில்லை. த்ராட்டிலைத் தொடாமலே சொட்டுச் சொட்டாக வடிந்தால் இன்ஜினில் பெட்ரோல் மிஞ்சிவிட்டது. ஏர் கிளீனரைத் திரும்ப மாட்டி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துப் பிடித்தபடி செல்ஃப் அடியுங்கள், பிடித்துக்கொள்ளும்.

350-இன் மெக்கானிக்கல் பம்ப் இன்ஜினில் இருந்துகொண்டு டாங்கிலிருந்து உறிஞ்சுகிறது. உறிஞ்சும் பக்கம் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். பழைய இன்ஜினுக்காகப் போட்ட குழாய் இப்போது எக்ஸாஸ்டை உரசிக்கொண்டு போனால் கேட்கவே வேண்டாம். குழாயை வேறு பாதையில் திருப்புங்கள். முடியாத இடத்தில் நடுவே வெப்பத் தடுப்புத் தகடு வையுங்கள். பம்புக்கு முன்னால் உள்ள ரப்பர் ஹோஸையும் மாற்றுங்கள். அதில் மயிரிழை வெடிப்பு இருந்தால் வெளியே சொட்டாமலே காற்றை உள்ளே இழுக்கும். டாங்குக்குத் திரும்பும் குழாயோடு கூடிய மூன்று வாய் ஃபில்டர், ஆவியைத் திருப்பி அனுப்பிவிடும்.

இவை எல்லாம் முடிந்த பிறகுதான் எலெக்ட்ரிக் பம்ப். அதை டாங்குக்கு அருகே, தாழ்வாக வையுங்கள். அழுத்தம் 5 முதல் 6 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) போதும். அதிகமானால் கிண்ணத்துக்குள் பெட்ரோல் வருவதை அடைக்கும் மிதவை ஊசியைத் தள்ளிக்கொண்டு கார்புரேட்டர் வழியும்.

படி 3: ஸ்பார்க்

ஏர் கிளீனரை மாட்டிவிட்டு, டெஸ்டரை கார்புரேட்டரிலிருந்து தள்ளி வைத்து, ஸ்பார்க் வருகிறதா என்று பாருங்கள். பாயின்ட் (ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடும் கான்டாக்ட்) வைத்த பழைய வண்டிகள் பலவற்றில் இக்னிஷனுக்குப் போவது வோல்ட்டைக் குறைக்கும் ரெசிஸ்டன்ஸ் வயர். 350-இல் பலமுறை வரும் எச்இஐ (பாயின்ட் இல்லாத எலெக்ட்ரானிக் இக்னிஷன்) டிஸ்ட்ரிபியூட்டருக்கு முழு வோல்ட் வேண்டும். இன்ஜின் ஓடும்போது அதன் பாட் (BAT) முனையில் அளந்தால், பாட்டரி வோல்ட்டை விட அரை வோல்ட்டுக்கு மேல் குறையக் கூடாது. வோல்ட் சரியாக இருந்தும் சூட்டில் மட்டும் ஸ்பார்க் செத்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள எலெக்ட்ரானிக் மாட்யூலைச் சந்தேகியுங்கள். புதியதைப் பூட்டும்போது அடியில் வெப்பம் கடத்தும் பேஸ்ட் தடவ மறக்காதீர்கள்.

படி 4: செல்ஃப்

நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கட்டை. மீட்டர் வயர்களை கிளிப்பால் மாட்டிவிட்டு வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்த பிறகே இன்னொருவர் சாவியைத் திருப்ப வேண்டும். சாவி திருப்பும்போது பாட்டரி முனையில் 11 வோல்ட், சோலினாய்டின் (செல்ஃப் மோட்டாரை இயக்கும் காந்த சுவிட்சின்) சின்ன முனையில் 8 வோல்ட் என்று காட்டினால், நடுவே பழைய சுவிட்சும் நீண்ட வயரும் தின்கின்றன. சூடேறிய சோலினாய்டுக்கு அது பற்றாது. ஒரு ரிலே (சின்ன கரண்ட்டால் பெரிய கரண்ட்டை இயக்கும் சுவிட்ச்) வைத்தால் தீரும்.

அடுத்து எர்த். பாட்டரி மைனஸுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே, செல்ஃப் அடிக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. இன்ஜின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்ட் மேல். தடித்த எர்த் வயர் தனியாகப் போடாவிட்டால் கரண்ட் திரும்ப நல்ல வழி கிடையாது.

படி 5: சூடு

முள் சொல்வது உண்மையா என்று முதலில் பாருங்கள். பழைய வண்டியின் மீட்டரும் 350-இன் சென்சாரும் ஜோடி இல்லை என்றால் பொய்தான் காட்டும். தெர்மோஸ்டாட் (கூலண்ட் சூடேறியதும் வழி திறக்கும் வால்வு) மூடியில் கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் தெர்மாமீட்டரைக் காட்டுங்கள். பளபளக்கும் உலோகத்தில் அளவு குறைவாக வரும். 90 டிகிரி தெர்மோஸ்டாட் இருந்தால் 90 முதல் 100 வரை கவலை வேண்டாம்.

நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினால் காற்றோட்டம் போதவில்லை. ஃபேனைச் சுற்றிய கூடு இல்லாமலிருக்கும், அல்லது ஃபேன் ரேடியேட்டரிலிருந்து வெகுதூரம் இருக்கும். வேகத்தில் ஏறினால் கீழ் ஹோஸைப் பாருங்கள்: இன்ஜினை முறுக்கும்போது அது சப்பிப் போகிறதா?

வாட்டர் பம்பில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வி பெல்ட் வண்டியில் பம்ப் ஒரு திசையில் சுற்றும். அகல பெல்ட்டின் முதுகு ஓட்டும் அமைப்பில் எதிர்த் திசை. வெளியே இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். மாறிப் போட்டால் தண்ணீர் சரியாகத் தள்ளாது, நல்ல ரேடியேட்டரை மாற்றி மாற்றிப் பணம்தான் போகும். ஃபேனும் அதே திசைக்குரியதா என்று சரிபாருங்கள்.

மேல் ஹோஸ் கைக்கு ஆறும் வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. நல்ல 15 பிஎஸ்ஐ மூடியின் கீழ் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காது. திறந்த மறுகணம் பொங்கி முகத்தில் அடிக்கும். ஆறிய பிறகு, வண்டியின் மூக்கு மேடேறி நிற்க, ஹீட்டரைத் திறந்துவைத்து, காற்றுக் குமிழ் நிற்கும் வரை கூலண்ட் ஊற்றுங்கள்.