முடியாத நாவல் தொடருக்கு முடிவு தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2021-லும் 2024-லும் வந்த 'டியூன்' படங்களைப் பார்த்துவிட்டுப் புத்தகம் வாங்கியவர்கள் ஏராளம். முதல் நாவலோடு நிறுத்திக்கொண்டவர்களுக்குச் சிக்கல் இல்லை. ஆசை பிடித்து ஆறாவது வரை போனவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ஆறாவது நாவலான 'சாப்டர்ஹவுஸ்: டியூன்' 1985-ல் வந்தது. 1986 பிப்ரவரியில் அவர் இறந்துபோனார். கதை பாதியில் நிற்கிறது. அதன் பிறகு வாசகர் தேட ஆரம்பிக்கிறார்: ஏழாவது எங்கே, யார் எழுதினார்கள், அது 'உண்மையான' முடிவா? இந்தத் தேடலில் பலரும் ஒரே மாதிரித் தவறுகளைச் செய்கிறார்கள். அறிவியல் புனைகதையில் இப்படி அந்தரத்தில் நிற்கும் தொடர்கள் நிறைய இருப்பதால், கொஞ்சம் விவரமாகப் பார்க்கலாம். சில கதைகளின் முடிவைச் சொல்லாமல் இதை எழுத முடியாது, அதற்குத் தயாராக இருங்கள்.

பலர் தொடக்கத்திலேயே செய்யும் தவறு, "முடியாத தொடரா? தொடவே மாட்டேன்" என்று ஒதுக்குவது. ஒரு தொடர் முடியவில்லை என்றால் அதில் எதுவுமே முடியவில்லை என்று அர்த்தமில்லை. நூல் எந்த இடத்தில் அறுந்தது என்று பார்க்க வேண்டும். 1965-ல் வந்த முதல் 'டியூன்' தனியாகவே முழுமையான நாவல். 1969-ல் வந்த இரண்டாவதும் 1976-ல் வந்த மூன்றாவதும் கதாநாயகன் பால் அட்ரீடிஸின் குடும்பக் கதையை ஒரு கரைக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. நான்காவது நாவல், 'காட் எம்பரர் ஆஃப் டியூன்', 3,500 ஆண்டுகள் தாண்டிப் போய் பாலின் மகன் லீட்டோவின் கதையை அவனுடைய சாவோடு முடிக்கிறது. ஐந்தும் ஆறும் அதற்கும் 1,500 ஆண்டுகள் கழித்து நடக்கும் ஒரு புதுக் கதையின் பகுதிகள். அறுந்தது இந்தப் புதுக் கதை மட்டும்தான். நான்கோடு நிறுத்துகிறவருக்குக் கையில் இருப்பது முடிந்த தொடர். என்னைக் கேட்டால், முதல் தடவை படிப்பவருக்கு இதுதான் நல்ல இடம்.

ஆக்டேவியா பட்லரின் 'பேரபிள்' நாவல்களும் அப்படித்தான். மூன்றாவது நாவல் வராமலே அவர் 2006-ல் இறந்துவிட்டார் என்று கேட்டதும், இரண்டையும் படிக்காமல் தள்ளிவைக்கிறவர்கள் உண்டு. ஆனால் 1998-ல் வந்த இரண்டாவது நாவலின் கடைசியில், கதாநாயகி லாரன் ஒலாமினா வாழ்நாள் முழுக்கக் கனவு கண்ட விண்வெளிப் பயணம் கிளம்புகிறது. கப்பலுக்குக் கிறிஸ்டோபர் கொலம்பஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ஒலாமினாவுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. கனவு பலித்த நாளிலும் ஒரு சின்ன உறுத்தல். இதைவிட ஒரு முடிவு வேண்டுமா?

அடுத்த தவறு பெரியது. ஆசிரியர் முடிவை எழுதி எங்கோ பூட்டிவைத்திருக்கிறார், யாராவது பூட்டைத் திறந்தால் போதும் என்று நம்புவது. 'டியூன்' விஷயத்தில் இந்த நம்பிக்கைக்கு ஒரு காரணமும் இருக்கிறது. தந்தை இறந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, வங்கி லாக்கரில் ஏழாவது நாவலுக்கான திட்டக் குறிப்பு கிடைத்ததாக மகன் பிரையன் ஹெர்பர்ட் சொன்னார். அவரும் கெவின் ஜே. ஆண்டர்சனும் சேர்ந்து அதை 'ஹன்டர்ஸ் ஆஃப் டியூன்' (2006), 'சாண்ட்வர்ம்ஸ் ஆஃப் டியூன்' (2007) என்று இரண்டு நாவல்களாக எழுதினார்கள். குறிப்பு இருந்தது, புத்தகமும் வந்தது, அப்புறம் என்ன பிரச்சினை?

பிரச்சினை ஆறாவது நாவலின் கடைசிக் காட்சியில் இருக்கிறது. டங்கன் ஐடஹோ என்ற பாத்திரமும் கூட்டாளிகளும் ஒரு கப்பலில் ஏறி, எங்கே போகிறோம் என்று தெரியாத ஓர் அண்டத்துக்குத் தப்பிவிடுகிறார்கள். டேனியல், மார்ட்டி என்று ஒரு வயதான தம்பதி, பார்த்தால் தோட்ட வேலை செய்கிறவர்கள் மாதிரி, இதைக் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். கப்பல் தங்கள் வலையிலிருந்து நழுவிவிட்டதே என்று பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சில் ஒரு வரி: ஃபேஸ் டான்சர்கள் சொந்தக் காலில் நிற்க முடியும் என்பதை ஏற்றுக்கொள்வது அவர்களை உருவாக்கியவர்களுக்குக் கஷ்டமாக இருக்கிறதாம். ஃபேஸ் டான்சர்கள் என்பவர்கள் நினைத்த உருவம் எடுக்கக்கூடிய, அடிமைகளாக வளர்க்கப்பட்ட பிறவிகள். ஆக, எஜமானர்களை விட்டு விலகி வளர்ந்துவிட்ட உருமாறிகள்தான் இந்தத் தம்பதி என்று பெரும்பாலான வாசகர்கள் புரிந்துகொண்டார்கள். காட்சி அதோடு முடிகிறது. அடுத்த பக்கங்களில் இருப்பது 1984-ல் இறந்த மனைவி பெவர்லிக்கு ஹெர்பர்ட் எழுதிய அஞ்சலி.

2006-ல் கிடைத்த விடை வேறு. அந்தத் தம்பதி உண்மையில் ஆம்னியஸ், எராஸ்மஸ் என்னும் இயந்திர அறிவுகளாம். இந்த இரண்டு பெயர்களும் ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ஆறு நாவல்களில் எங்கும் கிடையாது. 2002-க்கும் 2004-க்கும் இடையில் பிரையனும் ஆண்டர்சனும் எழுதிய முன்கதை நாவல்களில் வந்த பாத்திரங்கள் அவை. இதில் எவ்வளவு லாக்கர் குறிப்பு, எவ்வளவு இவர்கள் சேர்த்தது என்று வாசகர் ஒப்பிட்டுப் பார்க்கும்படி அந்தக் குறிப்பு அச்சாகவில்லை. நான் அந்த இரண்டு நாவல்களையும் திட்டுகிற கட்சி இல்லை. விறுவிறுப்பாகப் போகும், வேகமாகப் படித்துவிடலாம். ஆனால் சில பக்கக் குறிப்பில் என்ன நடக்கிறது என்பது இருக்கும். அதை எழுதும்போது ஹெர்பர்ட் எதை மாற்றியிருப்பார், எதை வேண்டுமென்றே சொல்லாமல் விட்டிருப்பார் என்பது இருக்காது.

பட்லரின் காகிதங்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கலிஃபோர்னியாவில் உள்ள ஹன்டிங்டன் நூலகத்தில் அவை இருக்கின்றன, ஆய்வாளர்கள் போய்ப் பார்க்கலாம். 'பேரபிள் ஆஃப் த டிரிக்ஸ்டர்' என்று பெயரிட்ட மூன்றாவது நாவலை அவர் திரும்பத் திரும்பத் தொடங்கியிருக்கிறார். வேற்றுக் கோளில் குடியேறியவர்களுக்கு என்ன ஆகிறது என்பதற்கு ஒவ்வொரு தொடக்கமும் ஒவ்வொரு திசையில் போய், சில பக்கங்களில் நின்றுவிடுகிறது. அங்கே ஒளித்துவைத்த முடிவு எதுவும் இல்லை. அவரே கண்டுபிடிக்காததை யார் போய் எடுத்துவருவது?

மிச்சமிருக்கும் ஆண்டுக் கணக்கைக் காட்டி முடிவு கேட்பது இன்னொரு தவறு. ஐசக் அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' தொடரில் இது அடிக்கடி நடக்கும். பேரரசு சரிந்த பிறகு வரவிருக்கும் 30,000 ஆண்டு இருளை, வருங்காலத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லும் ஹாரி செல்டனின் திட்டம் 1,000 ஆண்டுகளாகக் குறைக்க வேண்டும். கதை ஏறக்குறைய 500-ஆவது ஆண்டில் நிற்கிறது. "மீதி 500 எங்கே?" என்று கேட்பது நியாயம்தான் என்று தோன்றும். ஆனால் தொடர் உள்ளே எப்படி மாறியது என்று பாருங்கள். எல்லாம் முன்கூட்டியே கணிக்கப்பட்டதென்றால் கதையில் பதற்றம் ஏது? அதனால்தான் கணக்குக்குள் அடங்காத 'மியூல்' என்ற ஒருவனை அசிமோவ் உள்ளே விட்டார். முதல் மூன்று புத்தகங்களும் 1951 முதல் 1953 வரை வந்தன. கிட்டத்தட்ட 30 ஆண்டுகள் கழித்து, 1982-ல், வாசகர்களும் பதிப்பகமும் விடாமல் கேட்டதால் அவர் திரும்பி வந்தார். வந்தவர் செல்டனின் திட்டத்தையே ஓரங்கட்டிவிட்டார். விண்மீன் மண்டலம் முழுவதும் ஒரே உயிராக, ஒரே மனமாக ஆவதுதான் வழி என்று கதை திரும்பிவிட்டது. 1986-ல் வந்த 'ஃபவுண்டேஷன் அண்ட் எர்த்' அந்த வழி சரிதான் என்று சொல்லிவிட்டு, ஒரு சின்ன உறுத்தலோடு நிற்கிறது. அதன் பிறகு கதையை அவர் முன்னால் நகர்த்தவே இல்லை. செல்டனின் இளமைக்குத் திரும்பி முன்கதை எழுதினார். 1992-ல் இறந்தார்.

அந்த 1,000 ஆண்டு முடிவில் இரண்டாம் பேரரசு பிறக்கும் காட்சி வேண்டும் என்று இப்போது கேட்பவர்கள் 1953-ன் அசிமோவிடம் கேட்கிறார்கள். 1986-ன் அசிமோவுக்கு அந்தக் காட்சியில் ஆர்வமே இல்லை. பல பத்தாண்டுகள் நீளும் அறிவியல் புனைகதைத் தொடர்களுக்கு இந்தச் சோதனை வந்தே தீரும். எழுதுகிறவர் மாறுகிறார், கதைக்கு அடியில் இருந்த அறிவியலும் பழசாகிறது.

"ஆசிரியர் எழுதிய கடைசிப் புத்தகம்தான் அவர் விரும்பிய முடிவு" என்று எதிர்ப்பக்கம் சாய்வதும் சரியில்லை. டக்ளஸ் ஆடம்ஸின் 'ஹிட்ச்ஹைக்கர்' வரிசையில் ஐந்தாவது நாவல் 1992-ல் வந்தது. கிட்டத்தட்ட எல்லோரையும் காலி பண்ணி முடித்திருந்தார். பிறகு அவரே, புத்தகம் இருண்டுபோய்விட்டது, ஆறாவது ஒன்று எழுதிக் கொஞ்சம் உற்சாகமாக முடிக்க ஆசை என்றார். 2001-ல் 49 வயதில் மாரடைப்பு. அவருடைய மனைவியின் சம்மதத்தோடு ஓவன் கோல்ஃபர் 2009-ல் ஆறாவதை எழுதினார். கோல்ஃபரைத் துரோகி மாதிரிப் பேசுகிறவர்கள் ஆடம்ஸின் ஆசையைக் கணக்கில் எடுப்பதில்லை. நம்மிடமும் கல்கி பாதியில் விட்ட 'அமரதாரா'வை மகள் ஆனந்திதான் எழுதி முடித்தார், அதை யாரும் துரோகம் என்று சொன்னதாகத் தெரியவில்லை. வேறு கை எழுதிய முடிவைப் படிக்கலாம், ரசிக்கலாம். அட்டையில் இருக்கும் பெயரை மட்டும் மறக்காமல் படித்தால் சரி.

உயிரோடு இருக்கும் எழுத்தாளரை "எப்போ முடிப்பீங்க?" என்று போகுமிடமெல்லாம் துரத்துவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதனால் ஒரு பக்கம்கூட வேகமாக வராது. இப்போது சிலர் செயற்கை நுண்ணறிவிடம் முடிவை எழுதச் சொல்கிறார்கள். விளையாட்டாகச் செய்து பார்க்கலாம். அதைப் படித்துவிட்டு "ஏழாவது படித்துவிட்டேன்" என்று சொல்லிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

மிச்சம் இருப்பது படிக்கும் வரிசை. கதைக்குள் நடக்கும் கால வரிசைப்படி படிக்கப் போகிறேன் என்று முன்கதையிலிருந்து தொடங்காதீர்கள். 'ஃபவுண்டேஷன்' வரிசையில் முன்கதைகள் கடைசியில் எழுதப்பட்டவை. பின்னால் மெதுவாக அவிழ வேண்டிய ஒரு பெரிய ரகசியம் அங்கே முதலிலேயே போய்விடும். எழுதப்பட்ட வரிசைதான் நல்லது. 'டியூன்' வாசகருக்கு நேர்மாறான ஒரு சிக்கலும் உண்டு. ஆறு முடித்த சூட்டில் 2006, 2007 நாவல்களை மட்டும் வாங்கினால், கடைசியில் முகமூடியைக் கழற்றும் வில்லன்கள் யாரென்றே தெரியாது. முடிவு எப்படியும் வேண்டும் என்கிறவர்கள் 'பட்லேரியன் ஜிஹாத்', 'மெஷின் குருசேடு', 'பேட்டில் ஆஃப் காரின்' என்ற மூன்று முன்கதைகளையும் முதலில் படிக்க வேண்டியிருக்கும். அதாவது இன்னும் ஐந்து தடிமனான புத்தகங்கள். வாங்குவதற்கு முன், முதல் முன்கதையில் ஒரு ஐம்பது பக்கம் புரட்டிப் பாருங்கள். நடை பிடிக்கவில்லை என்றால் மற்ற நான்கும் பிடிக்கப் போவதில்லை.