முதுகில் வரும் பரு: இனம் கண்டபின் மருந்து பூசுங்கள்

முதுகில் பொரிப்பொரியாகத் தோன்றுவதெல்லாம் பரு அல்ல. இதைச் சொல்லித் தொடங்கக் காரணம், மருந்துக் கடையில் வாய்மொழியாகக் கேட்டு வாங்கிய களிம்பை மாதக்கணக்கில் பூசி, நிலைமையை மோசமாக்கிக்கொண்ட பிறகே பலர் தோல் மருத்துவரைத் தேடி வருகிறார்கள் என்பதுதான்.

உண்மையான பரு மயிர்க்காலில் உருவாகிறது. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்களின் தூண்டுதலால் எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகமாகச் சுரக்க, இறந்த தோல் செல்கள் அந்த எண்ணெயுடன் சேர்ந்து துவாரத்தை அடைக்கின்றன. அடைபட்ட இடத்தில் கியூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் என்னும் பாக்டீரியா பெருகி, அழற்சி உண்டாகிறது. முகத்தைப் போலவே மேல் முதுகு, தோள், மார்பு ஆகிய இடங்களிலும் இச்சுரப்பிகள் மிகுதி. ஆகவே முதுகில் பரு வருவது அழுக்கினால் அல்ல. பீர்க்கங்காய் நாரால் அழுத்தித் தேய்ப்பது ஏற்கெனவே சிவந்திருக்கும் தோலை மேலும் புண்ணாக்குமே தவிர, அடைப்பை நீக்காது.

பருவாக இருந்தால் கரும்புள்ளி, வெண்புள்ளி, சிவந்த கட்டி, சீழ்க்கட்டி எனப் பல அளவுகளில் கலந்து இருக்கும், அழுத்தினால் வலிக்கும். அதற்கு மாறாக, ஒரே அளவுள்ள சிறு பொரிகள் கூட்டமாகத் தோன்றி, கரும்புள்ளி ஒன்றுகூட இல்லாமல், வியர்த்தால் அரிப்பு எடுக்குமானால், அது மலாசீசியா என்னும் பூஞ்சையால் மயிர்க்காலில் வரும் அழற்சியாக இருக்கக்கூடும். சென்னை போன்ற புழுக்கமான ஊர்களில் இதை மறந்துவிடக் கூடாது. ஆன்டிபயாட்டிக் மாத்திரை இதைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிடக்கூடும். கீட்டோகொனசோல் போன்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்துகளே பலன் தரும். கோடையில் திடீரெனக் கிளம்பி, உடல் குளிர்ந்ததும் ஓரிரு நாளில் அடங்குவது வேர்க்குரு. ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்பவர்களுக்கும், உடற்பயிற்சிக் கூடத்தில் தசை வளர்ச்சிக்காக ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கும் முதுகு முழுவதும் பரு வெடிப்பதுண்டு. அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுவதே நல்லது.

பரு என்று உறுதியானால், மிதமான நிலையில் பென்சாயில் பெராக்சைடு கலந்த கழுவும் திரவத்திலிருந்து தொடங்கலாம். முதுகை நனைத்து, 2.5 அல்லது 5 சதவீதத் திரவத்தை மெல்லத் தடவி, சில நிமிடங்கள் விட்டுவிட்டு நன்றாகக் கழுவ வேண்டும். தடவியவுடன் கழுவிவிட்டால் மருந்து வேலை செய்ய நேரம் கிடைக்காது. இது சாயத்தை வெளுக்கச் செய்யும். துண்டு, பனியன், படுக்கை விரிப்பு ஆகியவை வெள்ளையாக இருப்பது உத்தமம். தோல் வறண்டு எரிந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் பயன்படுத்தலாம். அடைப்பு அதிகமாக இருந்தால் இரவில் துவார அடைப்பைக் குறைக்கும் அடாபலீன் ஜெல்லைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் கருவுற்றிருப்பவர்களும் கருவுறத் திட்டமிடுபவர்களும் அதைத் தவிர்க்க வேண்டும்.

குளிக்கும் வரிசையும் முக்கியம். தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போதும் கண்டிஷனர் போடும்போதும் வழிவது முதுகில்தான் இறங்கித் தங்குகிறது. முதலில் தலையை அலசி, கூந்தலை மேலே தூக்கிக் கட்டிக்கொண்டு, கடைசியாக முதுகைக் கழுவுங்கள். வியர்வை ஊறிய சட்டையுடன் நெடுநேரம் உட்கார்ந்திருப்பதும், கனமான பை முதுகில் உராய்ந்துகொண்டே இருப்பதும் பருவைத் தூண்டும்.

எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் தவறாமல் செய்த பிறகே பலனை எடைபோட வேண்டும். இரண்டே வாரத்தில் மருந்தை மாற்றுவதுதான் பெரும்பாலோரின் தோல்விக்குக் காரணம் என்பது என் கருத்து. கிள்ளுவதைக் கட்டாயம் விடுங்கள். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் பரு ஆறிய இடம் பல மாதங்கள் கருத்தே நிற்கும். மேல் முதுகும் மார்பும் தோளும் தடித்த கெலாய்டு வடுக்கள் எளிதில் உருவாகும் இடங்கள்.

வலிமிகுந்த ஆழமான கட்டிகள், பரவும் வடுக்கள், பெண்களுக்கு மாதவிடாய் ஒழுங்கின்மையோடு முகத்தில் முடி வளர்தல் ஆகியவை இருந்தால், தாமதியாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். அவர் டாக்சிசைக்ளின் என்னும் ஆன்டிபயாட்டிக் மாத்திரை தந்தால் நிறையத் தண்ணீருடன் விழுங்க வேண்டும், விழுங்கியதும் படுக்கக் கூடாது. ஐசோட்ரெடினாயின் கடுமையான பருவுக்கு மிக நல்ல மருந்துதான். ஆனால் அது கருவிலுள்ள குழந்தைக்குக் கடும் ஊனத்தை ஏற்படுத்தவல்லது என்பதால், உட்கொள்ளும் காலத்திலும் நிறுத்திய பின் ஒரு மாதம் வரையிலும் பெண்கள் கருத்தரிக்கவே கூடாது. டாக்சிசைக்ளினையும் ஐசோட்ரெடினாயினையும் ஒரே நேரத்தில் சேர்த்து எடுத்தால் தலைக்குள் அழுத்தம் உயரக்கூடும்; வீட்டில் மிச்சமிருக்கும் பழைய மாத்திரைகளை நீங்களாகவே எடுத்து விழுங்க வேண்டாம்.