முயலுக்குக் கண்ணி வைக்கும் முன்: குமரி விளைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்கழி பிறந்து மழை ஓய்ந்ததும் பூதப்பாண்டி, அழகியபாண்டிபுரம், குலசேகரம் பக்கத்து விளைகளில், அதாவது தோட்டங்களில், ஒரே புலம்பல்தான். முளைத்த பயறு வரிசை வரிசையாகக் காணவில்லை. ஆடியில் நட்ட ரப்பர் கன்றுக்குத் தலை இல்லை. மரச்சீனி (மரவள்ளி) தளிர் பாதியோடு நிற்கிறது. "முயலுதான், வேற என்ன?" என்று யாராவது ஒருவர் சொல்வார். அடுத்த பேச்சு பழைய பைக்கின் கிளட்ச் கேபிளில் வந்து நிற்கும். சுருக்குப் போட்டு நாலு இடத்தில் வைத்தால் பயிரும் தப்பும், கறியும் கிடைக்கும் என்பது கணக்கு.

அந்தக் கணக்கு தப்பு. கண்ணி வைப்பது குற்றம் என்பது ஒரு பக்கம். கண்ணி வைத்தாலும் பயிர் தப்பாது என்பதுதான் விவசாயி முதலில் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம். ஒரு முயலைப் பிடித்தால் அதே புல்வழியில் அடுத்த முயல் வரும். காட்டு முயல் வருடம் முழுக்க குட்டி போடும், மழைக்காலத்தில் இன்னும் கூடுதலாக. ஆனால் அதனால் பெரிய நஷ்டம் வருவது பயிரின் இளம்பருவத்தில் மட்டும்தான். அந்த மூன்று நான்கு வாரம் பயிரைக் காப்பாற்றிவிட்டால் முயல் இருந்தாலும் பெரிய கவலையில்லை.

யார் தின்றது என்று பார்க்காமல் முடிவு கட்டுவது

இதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்காமல், விடிந்ததும் ஒருமுறை விளைக்குள் குனிந்து பாருங்கள்.

முயல் கடித்த தண்டு கத்தியால் சாய்வாகச் சீவியது போல இருக்கும். மேலும் கீழும் கூர்மையான வெட்டுப்பற்கள் இருப்பதால் ஒரே கடியில் துண்டாகிவிடும். மிளா எனும் கடமானுக்கும் கேளையாடு எனும் குரைக்கும் மானுக்கும் மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. அவை இலையைப் பற்றி இழுத்துக் கிழிக்கும். கடித்த இடம் நார் நாராகத் தொங்கும். கடித்த உயரத்தையும் பாருங்கள். முயல் பின்னங்காலில் எழுந்து நின்றாலும் ஏறத்தாழ இரண்டடிக்கு மேல் எட்டாது. இடுப்பளவு உயரத்தில் இலை போயிருந்தால் அது முயல் வேலை இல்லை.

அப்புறம் புழுக்கை. ஆட்டுப் புழுக்கை கருத்து, கொஞ்சம் நீண்டு, குவியலாகக் கிடக்கும். முயல் புழுக்கை உருண்டையாக, லேசாகத் தட்டையாக, காய்ந்த வைக்கோல் நிறத்தில் இருக்கும். விரலால் நசுக்கினால் புல்நார் உதிரும்.

மரச்சீனி மூட்டோடு புரண்டு, மண் உழுத மாதிரி கிடந்தால் காட்டுப்பன்றி. செடி அப்படியே நிற்க, அடியில் கிழங்கு மட்டும் காணாமல் போயிருந்தால் பெருச்சாளி. பக்கத்தில் வளை இருக்கும். மரத்தின் அடிப்பட்டை அகலமாகச் சுரண்டப்பட்டிருந்தால் முள்ளம்பன்றியாக இருக்கலாம். முளைத்த பயறு ஒரே இரவில் மாயமானால் பெரிய ஆப்பிரிக்க நத்தையையும் சந்தேகப்பட வேண்டும். வழுவழுப்பான தடம் காய்ந்து மினுங்கும். முளையைக் கொத்தி இழுத்துப் போட்டிருந்தால் மயில். இவற்றில் எதற்குமே முயல் கண்ணி தீர்வில்லை. முயல் மேல் போடும் பழியில் பாதி இந்தக் கூட்டத்துக்குப் போக வேண்டியது என்பது என் எண்ணம்.

"முயல்தானே, யாரு கேக்கப்போறா" என்று நினைப்பது

யானை, புலி என்றால்தான் சட்டம், முயலுக்கும் உடும்புக்கும் எல்லாம் கிடையாது என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டு முயலும் பாதுகாக்கப்பட்ட விலங்குதான். 2022இல் சட்டத்தைத் திருத்தி அட்டவணைகளை மாற்றி அமைத்தபோது அது இரண்டாம் அட்டவணையில் வந்தது. 9ஆம் பிரிவு வேட்டையைத் தடை செய்கிறது. சட்டத்தின் பார்வையில் வேட்டை என்பது கொல்வது மட்டுமல்ல. கண்ணி வைப்பதும் பொறி வைப்பதும் அதற்கு முயற்சி செய்வதும்கூட வேட்டைதான். ஆக, "ஒண்ணுமே மாட்டலியே சார்" என்று சொல்லித் தப்ப முடியாது. மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சரணாலயத்துக்குள் வேட்டை என்றால் சிறை மூன்று ஆண்டுக்குக் குறையாது, ஏழு ஆண்டு வரை போகலாம்.

நம் மாவட்டத்தில் இது லேசான விஷயமில்லை. கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம் 400 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்து கிடக்கிறது. கீரிப்பாறை, காளிகேசம், பேச்சிப்பாறை பக்கமெல்லாம் விளை முடிகிற இடத்தில் காடு தொடங்குகிறது. வரப்புக்கு அந்தப் பக்கம் பத்தடி தள்ளி வைத்த கம்பி எந்த எல்லைக்குள் கிடக்கிறது என்று வைத்தவருக்கே தெரியாது.

"என் விளையில் என் பயிரைத் தின்னுது, எனக்கு உரிமை இல்லையா?" என்ற கேள்வி நியாயமானதுதான். அந்தக் கோபத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பயிர்ச் சேதத்துக்காக ஒரு விலங்கைப் பிடிக்கவோ கொல்லவோ எழுத்துப்பூர்வமாக உத்தரவிடும் அதிகாரம் வனத்துறைக்கு மட்டும்தான் உண்டு. 2025 தொடக்கத்தில் காட்டுப்பன்றியைச் சுடுவது பற்றி அரசு அறிவித்ததைச் சிலர் எல்லோருக்கும் கிடைத்த அனுமதியாகப் புரிந்துகொண்டார்கள். அது வனத்துறைக்கான ஏற்பாடு. காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளுக்கானது. முயலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கண்ணியில் முயல் மட்டும் விழும் என்று நம்புவது

கம்பிக்குக் கண் கிடையாது. முயல் போகும் புல்வழியில்தான் கீரியும் காட்டுப்பூனையும் நரியும் உடும்பும் எறும்புத்தின்னியும் போகின்றன. உடும்பும் எறும்புத்தின்னியும் முதல் அட்டவணை விலங்குகள். அதாவது புலிக்குச் சமமான பாதுகாப்பு. பக்கத்து வீட்டு நாயும் மேய வந்த ஆட்டுக்குட்டியும் அதே வழியில்தான் வரும்.

மாட்டிய விலங்கு உடனே செத்துப்போகும் என்பதும் தப்பு. கழுத்தில் விழுந்தால் இழுக்க இழுக்க இறுகும். இடுப்பிலோ காலிலோ விழுந்தால் இரவு முழுக்கத் திமிறித் தோலைக் கிழித்துக்கொண்டு விடியும் வரை உயிரோடு கிடக்கும். சில சமயம் கம்பியை அறுத்துக்கொண்டு போய் எங்கேயோ புண் அழுகிச் சாகும். எனக்கு இதை எந்தக் காரணம் சொல்லியும் ஏற்க முடியவில்லை.

வைத்த கம்பி எல்லாம் திரும்ப எடுக்கப்படுவதும் இல்லை. மறந்துபோன ஒரு சுருக்கு அடுத்த மழையில் புல் மூடிய பிறகும் வேலை செய்யும். விடியும் முன் தலைவிளக்கோடு ரப்பர் வெட்டப் போகிறவர்களின் காலும் அதே இடத்தில்தான் படுகிறது.

சரி, கறிக்குத்தான் என்றால் பண்ணை முயல் வளர்க்கலாம், தடையில்லை. கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாடு, கம்பள ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையம் இருக்கிறது. வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற இனங்களைப் பற்றி அங்கே கேட்கலாம். ஆனால் காட்டு முயலைப் பிடித்துக் கூண்டில் வளர்க்கலாம் என்ற யோசனை வேண்டாம். இரண்டும் வேறு வேறு இனம், ஒன்றோடொன்று சேராது. காட்டு முயல் கூண்டுக்குள் பயத்தில் முட்டி மோதியே தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும்.

வேலியில் செய்யும் தவறுகள்

உண்மையில் பயிரைக் காப்பது வேலிதான். அதிலும் நாம் செய்கிற தவறுகள் நிறைய.

பழைய சேலையைச் சுற்றிக் கட்டுவது பன்றிக்குக் கொஞ்ச நாள் பயம் காட்டும். முயல் சேலைக்கு அடியில் குனிந்து போய்விடும். ரேடியோ, மினுங்கும் விளக்கு எல்லாம் சில நாள்தான். ஆபத்தில்லை என்று தெரிந்ததும் முயல் பக்கத்திலேயே மேயும்.

குளச்சல், முட்டம், சின்னமுட்டம் பக்கமிருந்து வரும் பழைய மீன்வலையைக் கட்டுவது நம் மாவட்டத்தில் பரவலான பழக்கம். விலை குறைவு, ஆளும் தேவையில்லை. ஆனால் வலையைத் தரையில் தொளதொளவென்று விட்டால் அதுவே ஒரு கண்ணியாகிவிடும். சாரைப்பாம்பு தலையை நுழைத்துவிட்டுப் பின்வாங்க முடியாமல் செதிலில் நைலான் நூல் அறுத்துக் கிடக்கும். மலைப்பாம்பும் உடும்பும் அப்படித்தான் மாட்டுகின்றன. எலியைத் தின்னும் சாரையை இழந்தால் பெருச்சாளிக்குக் கொண்டாட்டம். மீன்வலைதான் கட்ட வேண்டுமென்றால் விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். அடிப்பகுதியில் மட்டும் ஓரடிக்குத் தென்னை மட்டையோ பழைய தகரமோ வையுங்கள்.

முயலுக்குச் சரியானது கோழிக்கூட்டுக்குப் போடும் கம்பிவலை. கண் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம், பெரிதாக இருந்தால் குட்டி நுழையும். உயரம் மூன்றடி போதும். பெரும்பாலானோர் கோட்டைவிடுவது அடியில். வலையை மண்ணைத் தொட்டு நிறுத்திவிட்டால் முயல் மூக்கால் தூக்கி நுழையும். அடியில் அரையடியை வெளிப்பக்கமாக மடக்கி மண்ணில் படுக்க வைத்து, இரண்டடிக்கு ஒரு முளை அடியுங்கள் அல்லது கல் வையுங்கள். கொஞ்ச நாளில் புல் வளர்ந்து அதைத் தைத்ததுபோல் பிடித்துக்கொள்ளும். மழைத்தண்ணீர் வடியும் மடையையும் படலின் அடியையும் மறக்க வேண்டாம். மூன்று நான்கு அங்குல இடைவெளி முயலுக்குத் தாராளம்.

ஓர் ஏக்கருக்கும் வலை வாங்கிக் கடன்பட வேண்டியதில்லை. நாற்றங்காலையும் பயறு முளைத்த பாத்தியையும் மட்டும் சுற்றி, செடி முற்றியதும் சுருட்டி அடுத்த பாத்திக்குக் கொண்டுபோகலாம். ரப்பர், கிராம்பு, மாங்கன்று என்றால் கன்றுக்குக் கன்று இரண்டடி உயரக் கூண்டு. சிலர் பிளாஸ்டிக் சாக்கைத் தண்டோடு இறுக்கிச் சுற்றுகிறார்கள். நம் ஊரில் இரண்டு பருவமழை. உள்ளே ஈரம் தங்கிப் பட்டை அழுகும். கமுகம்பாளையைத் தொளதொளப்பாகச் சுற்றினால்கூட அதைவிட நல்லது.

எங்கே நுழைகிறது என்று தெரியவில்லையா? மார்கழிப் பனி இதற்கு உதவும். வெயில் ஏறும் முன் போனால் பனி படிந்த புல் வெளுத்துத் தெரியும். முயல் போன வழியில் மட்டும் பனி உதிர்ந்து ஒரு சாண் அகலத்தில் கரும்பச்சைக் கோடு ஓடும். கண்ணிக்காரர்கள் தேடுவதும் இந்தக் கோட்டைத்தான். நீங்கள் அது வேலியைத் தொடும் இடத்தில் கல்லை வையுங்கள்.

வேலியை ஒட்டி ஆறேழு அடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கிவிட்டால் முயல் மறைவில்லாமல் தயங்கும். அதற்காகச் சுற்றிலும் உள்ள புல்லை எல்லாம் அழித்துவிடக் கூடாது. மாசி, பங்குனியில் பொற்றைகள் (சிறு குன்றுகள்) காய்ந்து கிடக்கும்போது, வெளியே புல் இல்லையென்றால் உங்கள் விளைதான் அதற்கு ஒரே மேய்ச்சல்.

மின்கம்பத்திலிருந்து நேரடியாகக் கம்பி இழுப்பவர்களுக்கு ஒரே வார்த்தை: அதில் மனிதர்களும் சாகிறார்கள். சூரிய மின்வேலி போடுவதென்றால் 2023இல் வந்த தமிழ்நாடு மின்வேலி விதிகளின்படி வனத்துறையிடம் கேட்டுப் பதிவு செய்துவிட்டுப் போடுங்கள். விஷம் வைப்பதும் இதே ரகம். விஷக் குருணையைத் தின்ற மயிலும் நாயும்தான் முதலில் விழும்.

குட்டியைத் தூக்கி வருவது, தீ வைப்பது

புல் அறுக்கும்போது கண் திறந்து, உடம்பெல்லாம் முடியோடு உள்ளங்கையளவு முயல்குட்டி ஒன்று அசையாமல் படுத்திருக்கும். தாயைக் காணோம். பாவம், அநாதை என்று குழந்தைகள் வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுவார்கள். அது அநாதை இல்லை. காட்டு முயல் வளை தோண்டாது. புல்லில் ஒரு சிறு பள்ளத்தில்தான் குட்டியை விட்டிருக்கும். தாய் பக்கத்தில் இருந்தால் நரிக்கும் கீரிக்கும் வாடை காட்டிக்கொடுக்கும் என்பதால் பகல் முழுக்க விலகியே இருந்து, இருட்டிய பிறகு வந்து சிறிது நேரம் பால் கொடுத்துவிட்டுப் போகும். அசையாமல் படுத்திருப்பதே குட்டியின் பாதுகாப்பு.

வீட்டில் பசும்பால் கொடுத்தால் வயிறு போய்ச் செத்துவிடும். தூக்கி வந்துவிட்டிருந்தால் அதே நாள் மாலைக்குள் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, நாயைக் கட்டிப்போட்டு, தள்ளி வந்துவிடுங்கள். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்று பயந்து வீட்டிலேயே வைத்துக்கொள்வதுதான் அதைக் கொல்கிறது. ரத்தக்காயம் இருந்தால் மட்டும் வனத்துறைக்குச் சொல்லுங்கள். குட்டி கிடந்த பாத்தியைச் சுற்றி இரண்டு மூன்று வாரம் அரிவாளைக் கொஞ்சம் நிதானமாகப் போட்டால் போதும். அதற்குள் அது தானாகப் புல் தின்னத் தொடங்கி இடம் மாறிவிடும்.

புதருக்குத் தீ வைக்கிறவர்களுக்கும் இதுதான் பதில். ஓடும் முயல் ஓடிவிடும். அசையாமல் கிடக்கும் குட்டி கருகும். ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கத்துக் காற்றில் அந்தத் தீ உங்கள் வரப்போடு நிற்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

மாட்டிய விலங்கைக் கண்டால்

கண்ணியில் உயிரோடு ஒன்று கிடந்தால் அவசரப்பட்டு அவிழ்க்கப் போக வேண்டாம். காட்டுப்பூனையோ நரியோ கடித்தால் வெறிநாய்க்கடி ஊசி போட ஓட வேண்டியிருக்கும். முயலே கூடப் பின்னங்காலால் உதைத்துக் கையைக் கிழித்துவிடும். ஒரு சாக்கையோ பழைய துணியையோ தூரத்திலிருந்து தலைமேல் போடுங்கள். இருட்டானால் அதன் திமிறல் குறையும். ஆட்களை விலக்கிவிட்டு வனச்சரக அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். பூதப்பாண்டி, அழகியபாண்டிபுரம், வேளிமலை, குலசேகரம், களியல் என்று சரகங்கள் இருக்கின்றன. எது நம்முடையது என்று தெரியாவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட வன அலுவலகத்தில் சொன்னால் அவர்களே சரகத்துக்குத் தகவல் கொடுப்பார்கள். வெறும் கம்பி மட்டும் கிடந்தால் முதலில் இடத்தோடு சேர்த்து ஒரு படம் எடுத்துவிட்டு, பிறகு தகவல் சொல்லுங்கள். ஒரு கம்பி இருக்கும் புல்வழியில் இன்னும் சில இருக்கும். குழந்தைகளையும் ஆடுகளையும் அந்தப் பக்கம் விடாமல், வழி நெடுகக் குச்சியால் தட்டிப் பாருங்கள்.