மிக்ஸி, கிரைண்டர் எடுத்து வைப்பதில் நாம் செய்யும் தவறுகள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் இருக்கும் என் சித்தி வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறிவிட்டது. அடுப்படியில் முதலில் நனைந்தது கிரைண்டர்தான். பத்துக் கிலோவுக்கு மேல் கனக்கும் சாமான் என்று மேடைக்குக் கீழே தரையோடு வைத்திருந்தார்கள். நம் ஊரில் பெரும்பாலும் அதற்கு அதுதான் இடம்.

இடுப்பளவு வெள்ளம் வந்தால் எதுவும் தப்பாது, சரி. ஆனால் மோட்டார் கெடுவதற்கு அவ்வளவு தண்ணீர் வேண்டியதில்லை, தரை கழுவும் தண்ணீரே போதும். மேடைக்குக் கீழே ஓர் அடி உயரத்தில் ஒரு கடப்பாக்கல் பதித்து, அதன்மேல் கிரைண்டரை வையுங்கள். அப்படியும் நனைந்துவிட்டால், வெயிலில் காய்ந்துவிட்டதே என்று நீங்களாகப் பிளக்கைச் சொருகாதீர்கள். மெக்கானிக் திறந்து பார்த்த பிறகுதான் ஓட்ட வேண்டும்.

அடுத்தது மிக்ஸி ஜார். இதில்தான் அதிகம் பேர் தவறு செய்கிறோம். சொதி வைத்த அன்று தேங்காய் அரைத்த ஜாரைக் கழுவி, ஈரத்தோடு மூடி போட்டு வைத்தால் மறுநாளே சிக்கு வாடை அடிக்கும். மூடியிலுள்ள ரப்பரின் உள்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு தங்குவதே காரணம். ரப்பரைத் தனியே கழற்றிக் கழுவுங்கள். ஜாரை உடனே கவிழ்த்து வைப்பதும் சரியில்லை. கவிழ்த்தால் அடிப்பக்கக் குழியில் தண்ணீர் தேங்கி, பிளேடு சுழலும் தண்டு வழியே உள்ளே இறங்கும். கொஞ்ச நாளில் தண்டு துருப்பிடித்து இறுகிவிடும். முதலில் அடியைத் துடைத்து, ஜாரைப் படுக்க வைத்து உலர விடுங்கள். மூடியும் ஜாரும் தனித்தனியாகவே இருக்கட்டும்.

சத்தம் குறையும் என்று மிக்ஸிக்கு அடியில் துணியை மடித்து வைக்கிறார்கள். பல மிக்ஸிகளில் சூடு வெளியேறும் துளைகள் அடியில்தான் இருக்கின்றன. துணி அவற்றை அடைத்துவிடும். அடுப்பை ஒட்டியும் வைக்கக் கூடாது, தாளிக்கிற எண்ணெய்ப் புகை உள்ளே போய்ப் படியும்.

அப்புறம், பரண். அரசு 2011-ல் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர் கொடுக்கத் தொடங்கிய பிறகு பல வீடுகளில் இரண்டிரண்டு ஆகிவிட்டன. ஒன்று அட்டைப் பெட்டியோடு பரணுக்குப் போகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அட்டை ஈரத்தை இழுக்கும், கரப்பான் குடியேறும். ஆனி, ஆடிச் சாரல் அடிக்கும் தென்காசி, செங்கோட்டைப் பக்கமும், உப்புக்காற்று வீசும் உவரிப் பக்கமும் இன்னும் கவனம் வேண்டும். பாலிதீன் பையில் கட்டினாலும் ஈரம் உள்ளேயே அடைபடும். பழைய பருத்தி வேட்டியால் மூடுங்கள். கிரைண்டர் பரணுக்கு வேண்டவே வேண்டாம், இறக்கும்போது கை நழுவினால் ஆபத்து.

இண்டக்‌ஷன் அடுப்பின் கண்ணாடி மேல் பாத்திரங்களை அடுக்க வேண்டாம், கீறலும் விரிசலும் விழும். ஒயரைச் சூடு ஆறுமுன் இறுக்கிச் சுற்றாதீர்கள். தளர்வாக வளையமிட்டு ஒரு நூலால் கட்டினால் போதும்.